பதினான்காவது கட்டத்தில் ஒரு குதிரை

பணி ஓய்வு பெற்றவர்களுக்குப் பொழுதுபோக்கு ஒன்று கட்டாயம் இருந்தாக வேண்டும் என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை. ஆனாலும் தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் காலை நடை போகும் கனவான்கள் அதை அரசாணைக்கும் மேலாக மதித்து நடந்துவந்தார்கள். ஒருவர் ஆலமரத்தைத் தொட்டிக்குள் குட்டையாக்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் கீபோர்டு கற்று அக்கம்பக்கத்தாரின் பொறுமையை வளர்த்துக்கொண்டிருந்தார். பொழுதுபோக்கு இல்லாதவரை, நாற்பது வயதாகியும் பெண் அமையாதவனைப் பார்ப்பதுபோல் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

அந்தப் பார்வை தாங்காமல்தான் தேவபிரசாதம் தோல் வேலையில் இறங்கினார்.

தேவபிரசாதம் நாசரேத்துக்காரர். முப்பத்து நான்கு வருடம் அரசாங்க அலுவலகத்தில் மனுக்களைச் சரிபார்த்தவர். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் போதும், அதைத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் அடுத்த வாய் காபி குடிப்பார். கணவர் பெயர் கேட்ட கட்டத்தைக் காலியாக விட்ட ஒரு கன்னியாஸ்திரீயை மூன்று முறை திருப்பி அனுப்பியவர் என்று அவருடைய வழியனுப்பு விழாவில் பெருமையாகச் சொன்னார்கள்.

தோல் வேலையைக் கைபேசிக்குள்ளிருந்து ஒரு தொப்பிக்கார அமெரிக்கர் கற்றுக்கொடுத்தார். தோலை நனைத்து, அச்சை வைத்து, மரச்சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் பூ விழுந்தது. முதலில் ஒரு பெல்ட். பிறகு மூக்குக்கண்ணாடிக்குக் கூடு. பிறகு வேதாகமத்துக்கு உறை. கிறிஸ்மஸ் வருவதற்குள் சபையில் உறை போடாத வேதாகமம் ஒன்றுகூட மிச்சமில்லை. அவர் வருவதைக் கண்டால் போதகர் பாட்டுப் புத்தகத்தை அங்கிக்குள் ஒளித்துக்கொள்ள ஆரம்பித்தார்.

இதற்கு மேல் போக வேண்டுமானால் சேணம்தான் என்றார் தொப்பிக்காரர்.

"சேணமா? குதிரைக்குப் போடுதது. நம்மகிட்ட குதிரை எங்கன இருக்கு?" என்று கேட்டார் மனைவி அற்புதமணி. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர்.

"ஏளா, வீட்டுல வீணை வச்சிருக்கவங்களுக்கு எல்லாம் வாசிக்கவா தெரியுது?"

கணக்கில் இதற்கு விடை இல்லாததால் டீச்சர் சமையலறைக்குப் போய்விட்டார்.

குதிரையின் முதுகு அளவு தெரியவில்லை. ஆகவே வரவேற்பறை சோபாவின் கைப்பிடியை அளந்துகொண்டார். படகு செய்யும் ஆசாரியிடம் சொல்லி மரச்சட்டம் அடித்தார். திண்டுக்கல்லிலிருந்து தோல் வந்தது. பதினோரு மாதம், குத்தூசியால் துளையிட்டு மெழுகு நூலால் தைத்தார்; இரு பக்கமும் சங்கும் மீனும் பொறித்தார். பின்பக்கம் தன் பெயருக்கு மட்டும் விரற்கடை இடம் விட்டுவைத்தார். பரிசு ஏதாவது கிடைத்தால் அதையும் சேர்த்துப் பொறித்துக்கொள்ளலாம் என்று ஒரு ஆசை.

சேணம் முடிந்த அன்று அதைச் சோபாவின் மேல் ஏற்றிவைத்துத் தடவிப் பார்த்தார். முப்பத்து நான்கு வருடத்தில் அவர் திருப்பி அனுப்பியது ஏராளம், செய்தது என்று காட்ட ஒன்றுமில்லை. இப்போது ஒன்று இருந்தது. அவருக்கு அழுகை வந்தது. தோல் தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தார்.

மாவட்ட ஓய்வுநேரக் கைவினை ஊக்குவிப்பு அலுவலகம் என்று ஒன்று இருப்பதும், அது வருடத்துக்கு ஒரு கண்காட்சி நடத்துவதும் அப்போதுதான் அவருக்குத் தெரியவந்தது. படிவம் வாங்கி வந்தார். பதிமூன்று கட்டங்கள் மளமளவென்று நிரம்பின. பதினான்காவது கட்டத்தில், 'பொருள் விலங்குக்கானதாயின் அவ்விலங்கின் பெயரும் இருப்பிடமும்' என்று இருந்தது.

"இல்லைன்னு எழுதுங்க" என்றார் டீச்சர்.

"இல்லைன்னு எழுதினா, ஏன் இல்லைன்னு கேப்பான்."

"அப்போ சும்மா விட்டுருங்க."

தேவபிரசாதம் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். திருமணமான நாளிலிருந்து அவர் அப்படி ஒரு வலியோடு பார்த்ததில்லை. பிறகு பேனாவைத் திறந்து, தன் பணிக்காலம் முழுவதும் கைகொடுத்த அந்த வாசகத்தைத் திருத்தமான கையெழுத்தில் எழுதினார்: 'பின்னர் தெரிவிக்கப்படும்.'

கண்காட்சி சிறப்பாக முடிந்தது. பனையோலைப் பெட்டி செய்தவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். சிப்பி மாலை கோத்தவர் மாலையைக் கழுத்திலேயே போட்டுக்கொண்டு போனார். சேணத்தை மட்டும் தரவில்லை.

"பதினாலாவது கட்டம் நிலுவையில இருக்கு சார். குதிரை எப்ப வரும்?" என்று கேட்டார் அலுவலக இருக்கையில் இருந்த இளம் எழுத்தர் ஜெர்லின்.

"குதிரை இல்லம்மா."

"அப்போ தப்பான தகவலா குடுத்திருக்கிய?"

"தப்பில்லம்மா. பின்னர் தெரிவிக்கப்படும்னுதான்..."

"பின்னர்தான் வந்தாச்சே சார். தெரிவிங்க."

மடக்கப்பட்டபோதும் தேவபிரசாதத்துக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி ஏற்பட்டது. பிள்ளை வேலையை நன்றாகக் கற்றிருக்கிறது. ஆனால் பின்னால் பதிவறையில் சேணத்தைப் பார்த்ததும் அந்த மகிழ்ச்சி போய்விட்டது. அதன் மேல் யாரோ சாப்பாட்டுக் கூடையை வைத்திருந்தார்கள். உப்புக் காற்றில் தோல் வெளிறத் தொடங்கியிருந்தது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை எண்ணெய் போடாவிட்டால் பூசணம் பிடித்து வெடித்துவிடும்.

"எண்ணெயாவது போட்டுட்டுப் போறேனே?"

"அரசாங்கப் பொறுப்புல இருக்க பொருளத் தொடப்படாது சார். குதிரை இல்லைங்கதுக்கு ஒரு சான்று வாங்கிட்டு வாங்க, முடிச்சிருவோம்."

கிராம நிர்வாக அலுவலரிடம் போனார். "இருக்கிறதுக்குத்தான் அண்ணாச்சி நான் சான்று குடுக்க முடியும். இல்லாததுக்குக் குடுக்க ஆரம்பிச்சா எதுல போய் முடியும்? இன்னைக்குக் குதிரை, நாளைக்கு யானை" என்றார் அவர். அதில் நியாயம் இருந்தது. கால்நடை மருத்துவர் அவ்வளவு கறாரானவர் இல்லை. "அதுக்கென்ன, குடுத்திருவோம். குதிரையக் கூட்டிட்டு வாங்க, இல்லைன்னு பாத்து எழுதித் தாரேன்" என்றார்.

ஒரு மாதம் அலைந்த பிறகு தேவபிரசாதம் ஒரு முடிவுக்கு வந்தார். இல்லை என்று நிரூபிப்பதைவிட இருக்கிறது என்று எழுதுவது சுலபம். எழுதினார். பெயர்: பிரின்ஸ். நிறம்: பழுப்பு. இருப்பிடம்: மொட்டை மாடி. மூன்றாம் நாள் ஒப்புதல் வந்துவிட்டது. நிஜமாகவே குதிரை இருந்திருந்தால் மூன்று மாதம் ஆகியிருக்கும்.

சேணத்தை வாங்கப் பையும் எண்ணெயுமாகப் போனவரின் கையை, அந்த அலுவலகத்தின் தலைமை அதிகாரி ராஜபாண்டியே எழுந்து வந்து பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, இந்தக் கரையில பாண்டியர் காலத்துல கப்பல் கப்பலா குதிரை வந்து இறங்குச்சு. அப்புறம் கணக்குல ஒரு குதிரைகூட ஏறல. இப்ப உங்க பிரின்ஸ் ஏறியிருக்கு! மேலிடத்துல ரொம்ப சந்தோசம். கொற்கைக் குதிரை மீட்புத் திட்டம்னு ஒண்ணு வருது. உங்க சேணந்தான் அதுக்கு மாதிரிச் சேணம்."

"மாதிரிய எப்ப திருப்பித் தருவிய?"

"திட்டம் முடிஞ்ச உடனே."

அரசாங்கத் திட்டங்கள் எப்போது முடியும் என்று தேவபிரசாதத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

திட்டப்படி குதிரை வைத்திருப்போருக்கு மாதம் பத்துக் கிலோ கொள்ளு. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது பழமொழி. காலை நடைக்காரர்கள் எல்லோரும் அந்த வருடம் எடை குறைப்பதில் தீவிரமாக இருந்தார்கள். மறுவாரமே ஆலமரத்தைக் குட்டையாக்கியவர் வீட்டில் ஒரு குதிரை பிறந்தது. கீபோர்டுக்காரர் சோடியாகவே பதிந்தார். கிராம நிர்வாக அலுவலரிடம் இரண்டு இருந்தன. இருப்பதற்குத்தானே அவர் சான்று கொடுப்பார்? மருத்துவர் அத்தனைக்கும் ஒரே மத்தியானத்தில் தடுப்பூசி போட்டார். முரண்டு பிடிக்காத குதிரைகள் என்று பாராட்டிக் குறிப்பும் எழுதினார்.

நான்காம் மாதம் தேவபிரசாதம் எண்ணெய்க் குப்பியோடு மறுபடி போனார். கூடத்தில் கொள்ளு வாங்க வரிசை வாசல்வரை நின்றது. வாசலருகே கண்ணாடிப் பெட்டி, அதற்குள் சேணம். ஒரு சங்கின் மேல் பச்சையாகப் பூசணம் படர்ந்திருந்தது. பெயருக்காக விட்ட இடம் வெறுமையாகவே இருந்தது. கீழே ஓர் அட்டை: 'மாதிரிச் சேணம். பயனாளி: பிரின்ஸ், உரிமையாளர் தேவபிரசாதம். செய்தவர்: பின்னர் தெரிவிக்கப்படும்.'

"செஞ்சது நாந்தானம்மா" என்றார்.

"தெரியும் சார்" என்றார் ஜெர்லின். "ஆனா நீங்க பயனாளி கட்டத்துல இருக்கிய. ஒரே ஆள் ரெண்டு கட்டத்துல வந்தா தணிக்கையில மாட்டும். காலியாவும் விட முடியாதுல்லா?"

"அப்போ குதிரை இல்லைன்னு எழுதித் தாரேன். என் பேரச் செய்தவர்ல போட்டுருவியளா?"

"தாராளமா. முதல் குதிரை இல்லைன்னா திட்டமும் இல்ல. சேணத்தையும் இன்னைக்கே கொண்டுபோயிரலாம். எழுதுங்க சார்."

வெள்ளைத் தாளையும் பேனாவையும் நகர்த்தினார். வரிசை முழுவதும் திரும்பியது. ஆலமரம், கீபோர்டு, கிராம நிர்வாகம், மருத்துவம் எல்லாம் காலிப் பைகளைப் பிடித்தபடி அவரையே பார்த்தன. போதகர்கூட நின்றார். மூன்றாவதாக அற்புதமணி டீச்சர், பிரின்ஸின் கொள்ளு அட்டையோடு. அவர் தலையை மெல்ல இடவலமாக ஆட்டினார்.

தேவபிரசாதம் தாளைப் பார்த்தார். முழுக்கவே காலி. பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

அன்று மத்தியானம் வீட்டில் கொள்ளு ரசம்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் டீச்சர்.

நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார்.