துரை பங்களாவில் ஒரு கௌரவமான பேய்

ஊரில் ஆளுக்கு ஒன்றாகப் பேசுவதால், அன்று துரை பங்களாவில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. திருச்சபையின் சேகரச் செயலர் தேவசிகாமணி, அவர் மகள் ஸ்வீட்லின், மாப்பிள்ளை வீட்டு ஜெபசீலன், அவர் மனைவி ஹெப்சிபா, மகன் ஹெப்ரான். வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மாரித்தாய். இவர்களுக்கு மேல் இன்னொருத்தி அங்கே இருந்தாளா என்பதுதான் பிரச்சினை.

சேரன்மகாதேவியில் ஆற்றோரத்து வயல்களுக்கு நடுவே காலங்காலமாகப் பூட்டிக் கிடக்கும் வீடு அது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறும்போது தேவசிகாமணியின் தாத்தா ஜெபகனிக்கு எழுதி வைத்துவிட்டுப் போனது. குடும்பத்தில் யாரும் அதில் குடியிருந்ததில்லை. ஆனால் அதைப் பற்றிப் பேசாமல் யாரும் சாப்பிட்டதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அங்கே ஒரு பொம்பளை பாடுகிறாள் என்று, இந்தப் பக்கமும் மீன் விற்க வரும் உவரி மீன்காரம்மா பாளையங்கோட்டையில் ஹெப்சிபாவிடம் சொல்லிவிட்டாள். வருகிற ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்துச் சபைக்கு அறிவிக்க வேண்டும். "பேய் இருக்க குடும்பத்துல சம்பந்தம் வேண்டாம்" என்று ஹெப்சிபா உட்கார்ந்துவிட்டார். கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று ஹெப்ரான் ஒற்றைக் காலில் நின்றான். ஜெபகனி குடும்பத்துப் பெருமை அவன் காதுக்கும் எட்டியிருக்கிறது என்று தேவசிகாமணிக்கு ஒரு திருப்தி.

"கண்ணால பாத்துட்டுப் போங்கம்மா" என்று அவர் சாவியைத் திருகினார். சாவி பூட்டுக்குள்ளேயே ஒடிந்தது.

"பின்னால ஒரு கதவு இருக்கும் மாமா" என்றான் ஹெப்ரான். "பழைய வீடுன்னா இருக்கும்லா."

இருந்தது. அதை லேசாகத் தூக்கித் தோளால் ஒரு தள்ளு தள்ளினான். சத்தமில்லாமல் திறந்தது.

"இன்ஜினியர்லா!" என்று தேவசிகாமணி பூரித்தார்.

உள்ளே எல்லோருக்கும் குரல் தானாகத் தாழ்ந்தது. ஓடு சரிந்த இடங்களில் வெயில் தூண் தூணாக இறங்கி நின்றது. தூசி அதில் அவசரமில்லாமல் நீந்தியது. சன்னல் வழியே நுழைந்த ஆலம் விழுது தரையைத் தொடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. தாமிரபரணியின் சத்தம் ஒவ்வோர் அறையாக நடந்து போய்த் திரும்பி வந்தது. ஹெப்சிபாகூட, கனவில் நடப்பவர் மாதிரி, பயப்பட மறந்து நடந்தார்.

ஆற்றைப் பார்த்த அறைக்கு வரும்வரைதான். அங்கே தரை பளிச்சென்று பெருக்கியிருந்தது. ஒரு பாய் விரித்திருந்தது. பாயில் ஒரு முழம் பிச்சிப்பூ, இன்னும் முழுதாக வாடாமல்.

"இத யாருண்ணே பெருக்குனா?" என்றார் ஹெப்சிபா.

"வாட்ச்மேன் காசிலிங்கம்."

"அவரக் கொஞ்சம் கூப்பிடுங்க."

தேவசிகாமணிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "அவரு இறந்து ரொம்ப வருஷமாச்சு."

ஹெப்சிபா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

தேவசிகாமணி யோசித்தார். பேய் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஜெபகனி வீட்டில் ஒரு வாட்ச்மேன் பேயா? அவர் முதுகு நிமிர்ந்தது.

"சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். அது துரையோட சம்சாரம். துரைசாணி. பூ வைக்கும், பாடும். சாந்த சொரூபி."

"தமிழ்லயா பாடும்?" என்றார் ஹெப்சிபா.

"தாத்தா சொல்லிக் கொடுத்தாரு."

ஜெபசீலன் தொண்டையைச் செருமினார். "ஆம்பளக் குரலும் கேக்குன்னு மீன்காரம்மா சொன்னாளே அண்ணாச்சி?"

"துரை."

"அவரு சீமைக்குப் போயிட்டாருன்னுதான வரும்போது சொன்னிய?"

"செத்த பொறவு வந்துட்டாரு. பெஞ்சாதியத் தனியா விடுவாராவே?" தேவசிகாமணியின் குரல் அறை முழுக்க ஏறியது. "நல்லாக் கேட்டுக்கோங்க. முறையா ஓலை வாசிச்சு, கோயில்ல கைப்பிடிச்ச ஜோடி. அதுக்கு முன்னால ஒருத்தர் மொகத்த ஒருத்தர் ஏறிட்டுப் பாத்தது கிடையாது. இந்த வீட்டுக்குள்ள ஒழுக்கக்கேடா ஒரு காரியம் இன்னிக்கு வரைக்கும் நடந்ததில்ல!"

ஸ்வீட்லினுக்குப் புரை ஏறியது. ஹெப்ரான் கூரையில் தொங்கிய வௌவால்களை எண்ணத் தொடங்கினான். பிள்ளைகளுக்குக் கூச்சம் என்று தேவசிகாமணி நினைத்துக்கொண்டார்.

ஹெப்சிபா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "பாவம், செத்தும் பிரியல பாருங்க. நம்ம பிள்ளைகளும் அப்படித்தான் இருக்கணும். ஓலை வாசிக்கச் சொல்லிருங்கண்ணே."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் குடும்ப கௌரவத்துக்குச் சாட்சி வேண்டும் என்று தேவசிகாமணிக்குத் தோன்றியது. சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"ஏ மாரித்தாய்! இங்கன பாடுத துரைசாணி யாரையாவது தொந்தரவு பண்ணியிருக்காளா? சம்பந்தகாரங்க கேக்க, சத்தமாச் சொல்லு."

மாரித்தாய் ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டுவிட்டு, பைய நிமிர்ந்து, அறைக்குள் இருந்த ஒவ்வொருவரையும் பார்த்தாள்.

"துரைசாணின்னு இங்கன யாரும் இல்லய்யா. பாடுதது நம்ம பாப்பா. கூடப் பாடுதது, அந்தா வௌவால் எண்ணிக்கிட்டு நிக்காவள்லா, அந்தத் தம்பி."