காதுகுத்து அன்று காலை நான் டேப்பட் செட் பண்ணியது

ஒரு வேலையைப் பத்து நிமிடம் வேடிக்கை பார்த்தால் அது தனக்கும் வந்துவிடும் என்று நம்புகிற கூட்டம் ஒன்று உண்டு. நான் அதில் ஆயுள் உறுப்பினர். அந்தப் பத்து நிமிடத்திலும் பாதி நேரம் வேறெதையோ யோசித்துக்கொண்டிருப்பேன் என்பதுதான் சிக்கல்.

என் பழைய பைக்கின் வால்வு கருகிப்போனது. பழங்காநத்தத்தில் எங்கள் தெரு மெக்கானிக் பாண்டி, ஹெட்டைக் கழற்றிப் புது வால்வு போட்டுக் கொடுத்தான்.

"ஒரு வாரம் ஓட்டிட்டு, எஞ்சின் சில்லுன்னு இருக்கையில கொண்டாங்கண்ணே. கேஜ் வச்சு டேப்பட்ட, அதான் வால்வு மேல விடுற கேப்ப, மறுபடி பாக்கணும். டிக்கு டிக்குன்னு லேசாக் கேக்கும். கேட்டா நல்லதுதான்."

எனக்கு அந்த டிக்கு டிக்கு பிடிக்கவில்லை. பைக்கில் ஏறினால் நான் இந்த உலகத்திலேயே இருப்பதில்லை. மேகம் பார்ப்பேன், வராத பதவி உயர்வுக்கு நன்றியுரை நிகழ்த்துவேன். (ஹெல்மெட்டுக்குள் உதடு அசைவது யாருக்குத் தெரியும்?) நடுவில் யாரோ கதவைத் தட்டினால் எப்படி?

அந்த வாரம்தான் குலசாமி கோயிலில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான் ஒருவன்தான். தோடு கொண்டுபோக வேண்டும். குழந்தையை மடியில் உட்கார வைக்க வேண்டும்.

"பத்தரையோட நல்ல நேரம் முடியுதுடா. என் மாமியார் முன்னாடி மானத்த வாங்கிராத" என்று அக்கா போனில் சொன்னாள்.

அன்று விடிந்ததும் ஸ்பேனரை எடுத்தேன். மூடியைத் திறந்தால், வால்வுக்கும் அதை அழுத்துகிற திருகுக்கும் நடுவே தாள் நுழைகிற அளவு சந்து. சந்து இருப்பதால்தானே சத்தம்? திருகி அடைத்துவிட்டேன். (இல்லாத சந்தை அளக்கக் கேஜ் எதற்கு?)

எஞ்சின் அவ்வளவு அமைதியாக ஓடி நான் கேட்டதே இல்லை. கோச்சடை தாண்டியதும் வலப்பக்கம் வைகை. நாணல் அசைந்தது, கொக்குகள் எழுந்தன, இளவெயில் தண்ணீரில் கிடந்தது. வண்டி ஓடுகிறதா, நான் மிதக்கிறேனா என்றே தெரியவில்லை. கோயில் வாசலில் சத்தமில்லாமல் போய் இறங்குவதையும் சொந்தக்காரர்கள் வாய்பிளப்பதையும் பார்த்துக்கொண்டே போனேன். மேலக்கால் ரோட்டில், தோப்புகளுக்கு நடுவே, வண்டி ஒரு இருமல்கூட இல்லாமல் நின்றது.

விசேஷத்துக்கு வந்துகொண்டிருந்த பாண்டி (அக்கா அவனையும் அழைத்திருந்தாள்) என்னைப் பார்த்து நிறுத்தினான். கிக்கரைக் கையால் அமுக்கினான். எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது.

"டேப்பட்ட யாரு தொட்டது?"

நான் தோப்பைப் பார்த்தேன்.

"சூடேறுனா வால்வு நீளும்ணே. அதுக்குத்தான் கேப்பு. நீங்க எடமே விடல, இப்ப வால்வு மூட மாட்டேங்குது. ஆறுனாத்தான் ஓடும். என் வண்டியில ஏறுங்க, போவோம்."

ஏறியிருக்கலாம். ஆனால் மெக்கானிக்கின் பின்னால் உட்கார்ந்து போய் இறங்குவதா?

"நீ தோட்டக் கொண்டுபோய்க் குடு. ஆறுனதும் வாரேன்."

புங்க மரத்தடியில் உட்கார்ந்தேன். காற்று நன்றாக வந்தது. கண்ணை மூடினேன். மடியில் குழந்தை அழாமல் சிரித்தது. அக்காவின் மாமியாரே என்னைப் பாராட்டினார். விழித்தபோது மணி பதினொன்று. போனில் பன்னிரண்டு அழைப்புகள். வண்டி ஒரே கிக்கில் கிளம்பியது.

கோயிலில் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை அலறிக்கொண்டிருந்தது, பாண்டியின் மடியில். எனக்கு வாங்கிய மாலை அவன் கழுத்தில்.

"குடுத்துட்டு நகரத்தான் பாத்தேன்ணே, உக்கார வச்சுட்டாங்க" என்றான்.

"தோடு கொண்டாந்தவன்தேன் மாமன். நேரத்த விட முடியுமா?" என்றார் மாமியார். அக்காவின் கண் கலங்கியிருந்தது. எனக்கு வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது.

பாண்டி அந்த மாமன் பொறுப்பை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி அக்கா மகளுக்குத் துணி எடுக்கிறான். அவள் இப்போது பசுமலையில் கல்லூரியில் படிக்கிறாள். போன வாரம் தோழிகளோடு பாண்டி கடைக்கு வந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"இதான் எங்க மாமா" என்று பாண்டியைக் காட்டினாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, கொஞ்சம் யோசித்து, "இவரு எங்க அம்மாவோட தம்பி" என்றாள்.