நான் ராவென்னாவை வென்ற கதை

இந்த வருஷம் ஊர் என் இஷ்டம். செப்டம்பர் இரண்டாம் தேதி காலை ஏழரை மணிக்கு, ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே சபதம் போட்டேன். ஜாம் சட்டையில் விழுந்தது. அதனால் சபதத்தின் கம்பீரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

"அக்டோபர் லீவுக்கு இத்தாலில ராவென்னா போறோம், மேவிஸ். நான் முடிவு பண்ணிட்டேன்."

மேவிஸ் என் மனைவி. முப்பத்திரண்டு வருஷமாக என் முடிவுகளை அவள்தான் முடித்து வைக்கிறாள்.

"முதல்ல சட்டையை ஊறப் போடு," என்றாள்.

நாங்கள் நியூசிலாந்துக்காரர்கள். சுவிட்சர்லாந்தின் பாசெலுக்குப் பிழைக்க வந்து பதினோரு வருஷம் ஆகிறது. நான் ரிட்டையர் ஆகிவிட்டேன். மேவிஸ் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். புதன்கிழமை மட்டும் அவளுக்கு வகுப்பு கிடையாது. நான் வளர்ந்த தெருவில் இருந்ததிலேயே பழைய பொருள் எங்கள் வீட்டு அடுப்பு. அதனாலோ என்னவோ, எனக்குச் சரித்திரம் என்றால் உயிர். ஆயிரம் வயதாகாத சுவரை நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மேவிஸுக்கோ ஐரோப்பா என்பது வாயால் பார்க்கவேண்டிய கண்டம்.

ஒரு வருஷம் அவள் சொல்லும் ஊர், மறு வருஷம் நான் சொல்லும் ஊர். இதுதான் எங்கள் வீட்டு ஒப்பந்தம். அவள் வருஷத்தில் வியன்னா போனோம். நான்கு நாளும் ஒரே காப்பிக் கடை, ஒரே ஜன்னல். அரண்மனையின் பின்பக்கச் சுவரைக் கேக்குக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். லியோன் போனோம். மலைமேல் ரோமானியர் கட்டிய அரங்கம் இருக்கிறது என்று கேள்வி. எந்தத் திசையில் என்று சர்வர் கை காட்டினார். லிஸ்பனில் முட்டைக் கஸ்டர்ட் பலகாரம், ஆளுக்குப் பத்தொன்பது. கோட்டைக்கு ஏறலாம் என்றபோது என்னால் எழுந்திருக்கவே முடியவில்லை.

என் வருஷத்தில்? என் வருஷத்தில் துணி துவைக்கும் நாள் வரும்.

எட்டு வீட்டுக்கும் சேர்த்து பேஸ்மென்டில் ஒரே ஒரு துவைக்கும் அறை. வீட்டுக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு நாள். முறைப் பட்டியல் கதவில் தொங்கும். ஒரு புதன் எங்களுக்கு, அடுத்த புதன் மூன்றாம் மாடி அம்ஸ்லரம்மாவுக்கு. அன்றைக்குத் துவைக்காவிட்டால் அடுத்த முறை வரும்வரை அழுக்கோடு அலைய வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை மெஷினைத் தொட்டுவிட்டால் கட்டடத்தில் ஒருத்தரும் நமக்குக் காலை வணக்கம் சொல்லமாட்டார்கள். என் முறை வருகிற வருஷமெல்லாம், அந்த லீவு வாரத்துப் புதன் எங்கள் புதனாகவே வந்து நிற்கும்.

"துணியை விட்டுட்டு எப்படி வர்றது?" என்பாள் மேவிஸ்.

அவ்வளவுதான். ஐந்து நாள் பயணம் ஒரு நாளாகச் சுருங்கும். நான் போட்ட ஏதென்ஸ் திட்டம் முலூஸில் முடிந்தது. ரோம் திட்டம் ஃப்ரைபுர்க்கில் முடிந்தது. இரண்டும் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேர ரயில்.

இந்த வருஷம் மட்டும் வீரம் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? ஒரு புத்தகத்திலிருந்து. ஆகஸ்டில் மேவிஸ் சனிக்கிழமைப் பழஞ்சாமான் சந்தையில் ஒரு தடிப் புத்தகம் வாங்கி வந்தாள். பாத்ரூம் ஜன்னல் காற்றில் அடிக்கிறது, முட்டுக் கொடுக்க வேண்டுமாம். நான் எடுத்துப் பிரித்தேன். அத்தனை பக்கமும் ராவென்னா! ஆயிரத்து ஐந்நூறு வருஷத்து மொசைக், வண்ணக்கல் பதித்த சித்திரம். தங்கக் கூரை. விண்மீன். பேரரசி. மூன்று நாள் பாத்ரூமைவிட்டு நான் வெளியே வரவில்லை. ஜன்னல் இன்றைக்கும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

"சரி, ராவென்னா போலாம்," என்றாள் மேவிஸ். "ஆனா அந்தப் புதன் நம்ம துவைக்கிற நாளாச்சே."

இந்தக் குண்டு வரும் என்று எனக்குத் தெரியும். தயாராக இருந்தேன்.

"நாளை மாத்திக்கலாம்."

"யார்கிட்ட?"

"அம்ஸ்லரம்மாகிட்ட."

மேவிஸ் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "ஐயய்யோ, அந்தம்மாகிட்டயா? உனக்கென்ன பைத்தியமா? போன மாசம் நீ கட்டி வெச்ச பழைய பேப்பரை, முடிச்சு சரியில்லைன்னு நம்ம வாசல்லயே திருப்பி வெச்சுட்டுப் போனவங்க."

"பேசிப் பாக்கறேன்."

"நான் இதுல தலையிட மாட்டேன் சொல்லிட்டேன். பேசறது நீ. கையெழுத்துப் போடறதும் நீ. எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

"உனக்குச் சம்பந்தம் வேண்டாம். புகழ் மொத்தமும் எனக்கே இருக்கட்டும்."

அம்ஸ்லரம்மாவுக்கு எழுபத்துநான்கு வயது. முப்பது வருஷம் டிராம் கால அட்டவணை போட்ட கை. அவர் வீட்டுக் கடிகாரம் தப்பாகக் காட்டினால் ஊர்தான் திருத்திக்கொள்ள வேண்டும். மூன்றாம் மாடிக்கு ஏறினேன். சரித்திரத்தை நினைத்துக்கொண்டு மணியை அடித்தேன்.

"நாளை மாத்தணுமா?" என்றார். "ஒரு தடவைக்கு மட்டும்னு இந்த வீட்ல எதுவும் கிடையாது, மிஸ்டர் டெரன்ஸ். வாரம் மாறினா வரிசை மாறும். வரிசை மாறினா ஒரு வருஷத்துக்கு அப்படியேதான்."

"மாறட்டுமே! எந்தப் புதனா இருந்தா என்ன?"

"நீங்க ஊருக்குப் போற புதன் எனக்கு வந்துடும். என் முழங்கால் இருக்கிற லட்சணத்துல, மூணு மாடி கூடையைத் தூக்கிட்டு யார் இறங்கறது? இத்தனை நாளா என் புதன்ல தங்கச்சி மகதான் வந்து தூக்குவா, மாத்தின புதன்ல அந்த ஒரு வாரம் மட்டும்தான் அவளால வர முடியும். அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?"

"தூக்கினா மட்டும் ஆச்சா? மெஷின்ல போடணும். காயப் போடணும். பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் பண்ணணும். தரையைத் துடைக்கணும்."

"அம்ஸ்லரம்மா, ராவென்னாவுக்கே போறவன் நான். ஒரு கூடைத் துணிக்கா பயந்துடுவேன்?"

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். டைப் அடித்த காகிதம் ஒன்றை எடுத்து வைத்தார். பாருங்கள், கேட்ட மாத்திரத்தில் காகிதம் தயார்! இதற்காகத்தான் எனக்கு இந்த நாட்டைப் பிடிக்கும்.

"படிச்சுப் பாருங்க."

கண்ணாடி வீட்டில் இருந்தது. தவிர, என் ஜெர்மன் ரொட்டிக் கடைவரைதான் போகும். காகிதம்வரை வராது.

"உங்க மேல நம்பிக்கை இல்லாமலா?" என்று சொல்லி, கையெழுத்தைக் கோடு இழுத்து, இரண்டு புள்ளியும் வைத்தேன்.

கீழே வந்து கதவைத் திறக்கும்போதே கத்தினேன். "மேவிஸ்! சாதிச்சுட்டேன்!"

"நெஜமாவா? அந்தம்மா ஒத்துக்கிட்டாங்களா?" அவள் கண் விரிந்தது. "நீ கெட்டிக்காரன்தான், டெரன்ஸ்."

இந்த வாக்கியத்தை நான் கடைசியாகக் கேட்டது எங்கள் கல்யாணத்தன்று. டைரியில் குறித்துவைத்தேன்.

ரயிலில் மிலான் தாண்டி, பொலோஞாவில் இறங்கி வண்டி மாறவேண்டும். நடுவில் நாற்பது நிமிஷம். பொலோஞா என்றால் மேவிஸுக்குக் கோயில். ஊர் முழுக்கச் சமையல். காற்றில் வெண்ணெயும் இறைச்சிக் குழம்பும் மணந்தன.

"டெரன்ஸ், ஒரே ஒரு தட்டு. வெளியே போய் எட்டிப் பாத்துட்டு ஓடி வந்துடறேன்."

"இது என் வருஷம்."

"பார்சல்?"

"என் வருஷம்!"

பெட்டியின்மேல் உட்கார்ந்து காவல் இருந்தேன். மேவிஸ் பெருமூச்சு விட்டாள். பொலோஞாவின் பிளாட்பாரத்தைத் தாண்டவிடாமல் அவளைக் கடத்திக்கொண்டு போன ஒரே மனிதன் நான். இதற்கு எனக்கு ஒரு சிலை வைக்கலாம்.

ராவென்னா என் கண்முன் வந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், நான் அழுதுவிட்டேன். சான் விட்டாலே கோயிலின் வாசலைத் தாண்டி நிமிர்ந்தேன். பச்சையும் தங்கமுமாகக் கூரை. பதினைந்து நூற்றாண்டு, ஒரு கல்கூட மங்கவில்லை. அடுப்பைத் தவிரப் பழசு எதுவும் பார்க்காமல் வளர்ந்தவன் நான். நின்றது நின்றபடி இரண்டு மணி நேரம் மேவிஸுக்கு விளக்கம் சொன்னேன். பேரரசியின் கிரீடம், பேரரசரின் செருப்பு, பின்னால் நிற்பவர்களின் தாடி, ஒன்றையும் விடவில்லை.

"அழகா இருக்கு," என்றாள் மேவிஸ். பிறகு, நான் கேட்காமலே, இன்னொரு தடவையும் சொன்னாள்.

மறுநாள் தியோடரிக் ராஜாவின் சமாதி. அதன் கூரை ஒரே கல். ஏறக்குறைய முந்நூறு டன் என்கிறார்கள்.

"கிரேன் இல்லாத காலத்துல இதை எப்படி மேவிஸ் தூக்கியிருப்பாங்க?"

"எவனாவது நான் தூக்கறேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பான்," என்றாள்.

விழுந்து விழுந்து சிரித்தேன். மேவிஸுக்குச் சரித்திரத்தில் நகைச்சுவை வருகிற அளவுக்கு ஈடுபாடு வந்துவிட்டதே!

ஈடுபாடு சாதாரணமாக இல்லை. சின்ன நோட்டு ஒன்றில் ஏதேதோ எழுதிக்கொண்டே வந்தாள். எந்த ஊரில் எந்த மியூசியம், எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், எந்த ரயில், எல்லாம் விசாரித்தாள். சாப்பாட்டுக்குக்கூடத் தொந்தரவு தரவில்லை. பச்சை வெள்ளைக் கோடு போட்ட பெட்டிக் கடையில், மெல்லிய பியாதினா ரொட்டிக்குள் இளம் பாலாடைக்கட்டி வைத்து மடித்துத் தருகிறார்கள். அவள் இரண்டு சாப்பிட்டாள். நான் நான்கு. யார் யாருடைய வழிக்கு வந்தார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் என் கழுத்து பிடித்துக்கொண்டது. நிமிர்ந்த தலை நிமிர்ந்தபடியே நின்றுவிட்டது. மேவிஸ் கையைப் பிடித்துத் தெருவில் கூட்டிக்கொண்டு போனாள். ஊரின் மாடங்களும் புறாக்களும் தெரிந்தன. என் தட்டு தெரியவில்லை. போனால் போகட்டும், வெற்றி பெற்றவன் தலை நிமிர்ந்துதானே இருக்கவேண்டும்? ஊரைவிட்டுக் கிளம்புமுன் ஞாபகார்த்தமாக ஒரு பெரிய கைக்குட்டை வாங்கினேன். நல்ல ரத்தச் சிவப்பு. மூலையில் ராவென்னா என்று தங்க நூலில் எழுத்து. ரயில் ஜன்னலில் அதைப் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தேன்.

"வெற்றிக்கொடி, மேவிஸ்!"

"நல்லா ஆட்டு," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து என் தோளில் சாய்ந்துகொண்டாள். "உன்னால எனக்கும் சரித்திரத்துல ஆசை வந்துடுச்சு, டெரன்ஸ். இனிமே புதன்கிழமைல ஒவ்வொரு ஊரா பாக்கலாம்னு இருக்கேன். காலைல போய்ட்டு சாயங்காலம் வந்துடலாம்."

"தாராளமா!" என்றேன். என் கண் கலங்கியது. கழுத்து வலியால் அல்ல.

ஊர் திரும்பிய பின் முதல் புதன். காலை ஏழே முக்கால். மேவிஸ் கோட்டு மாட்டி, நல்ல பூட்ஸ் போட்டு நின்றாள். நானும் தொப்பி போட்டு நின்றேன். வாசல் மணி அடித்தது. அம்ஸ்லரம்மா. இறகு வைத்த தொப்பி, தோளில் பை. முழங்கால் நிமிர்ந்து நன்றாகவே நின்றது.

"ரெடியா, மேவிஸ்?"

"ரெடி, அம்ஸ்லரம்மா."

"நானும் ரெடி," என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீ எங்க கிளம்பிட்ட, மகாராசா?" என்றாள் மேவிஸ். "இன்னைக்கு நம்ம துவைக்கிற நாள்."

"நம்ம நாள்னா நீதானே..."

அம்ஸ்லரம்மா பையிலிருந்து அந்தக் காகிதத்தின் நகலை எடுத்து நீட்டினார். "மூணாவது வரி. ரெண்டு வீட்டுத் துணிக்கும் ஒரு வருஷத்துக்குப் பொறுப்பு மிஸ்டர் டெரன்ஸ். கையெழுத்து யாருது?"

கோடு, இரண்டு புள்ளி. என்னுடையதுதான்.

"அப்போ அடுத்த புதன்?"

"அது என் நாள்," என்றார் அம்ஸ்லரம்மா. "கூடையை வாசல்லயே வெச்சுடறேன். முதல்ல திரைச்சீலை."

மேவிஸ் தன் சின்ன நோட்டைப் புரட்டினாள். "இன்னைக்குக் கோல்மார். அடுத்த புதன் ஸ்ட்ராஸ்பூர்க். அதுக்கடுத்தது ஃப்ரைபுர்க். இவங்களுக்கு ரயில் நேரமெல்லாம் மனப்பாடம் டெரன்ஸ், எங்கயும் காத்திருக்கவே வேண்டாம்." என் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். "ஊர் உன் இஷ்டம்னு விட்டுக்குடுத்தேன் இல்ல? புதன் என் இஷ்டம்."

அவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டே படியிறங்கும் சத்தம் கேட்டது. அம்ஸ்லரம்மா இரண்டு இரண்டு படியாக இறங்கினார்.

பேஸ்மென்டில் மெஷினைப் போட்டுவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் காகிதத்தை முதல் தடவையாகப் பார்த்தேன். ஜெர்மன் புரியாவிட்டாலும் தேதி புரியும். ஆகஸ்ட் ஒன்பது என்று டைப் அடித்திருந்தது. நான் சபதம் போட்டது செப்டம்பர் இரண்டு. ஜன்னலுக்கு முட்டுக் கொடுக்கப் புத்தகம் வந்தது எந்தச் சனிக்கிழமை என்று விரல் விட்டுப் பார்த்தேன். ஆகஸ்ட் பத்து.

போன் சிணுங்கியது. மேவிஸ் அனுப்பிய படம். வெங்காயமும் பன்றி இறைச்சியும் தூவிய மெல்லிய ரொட்டி, மேஜையைவிடப் பெரிது. அதன் பின்னால் இரண்டு தொப்பிகள். இரண்டு வாய் கொள்ளாச் சிரிப்பு. கீழே எழுதியிருந்தாள்: "நீ சொன்ன மாதிரியே கோயில்ல மேல பாத்தோம். கழுத்து வலிக்கல. வெள்ளையையும் கலரையும் பிரிச்சுத்தானே போட்ட?"

மெஷினின் வட்டக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தேன். என் எட்டு வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவே, வெற்றிக்கொடி சாயம் விட்டுக்கொண்டிருந்தது.