கட்டியும் மாற்று மாப்பிள்ளையும்

தியாகம் செய்வது லேசான காரியம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். எதிரில் இருப்பவர் சம்மதிக்க வேண்டும். இளையரசனேந்தலில், மாமா வீட்டில், மானம் போன பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.

எண்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவிலில் தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். மாமா மகள் செல்வியோடு கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகையும் அடித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து இடது முன்கையில் ஒரு கட்டி கிளம்பி, மளமளவென்று நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்தது.

டாக்டர் அமுக்கிப் பார்த்தார். “இவ்வளவு வேகமா வளருறது சரியில்ல. புற்றுநோயாவும் இருக்கலாம். திருநெல்வேலில எடுத்துச் சோதிச்சிருங்க.”

‘இருக்கலாம்’ என்ற சொல் என் காதில் ஏறவே இல்லை. அன்றைக்கே செத்துப்போனேன். (மத்தியானச் சாப்பாட்டை மட்டும் விடவில்லை.)

என் கவலையெல்லாம் செல்வியைப் பற்றித்தான். பாவம், அவள் வாழ்க்கை வீணாகக் கூடாது. சித்தப்பா மகன் சண்முகத்தை, விஷயத்தைச் சொல்லாமலே பஸ் ஏற்றி மாமா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அவனுக்கும் அவள் முறைப்பெண்தானே!

காப்பியும் முறுக்கும் வந்தன. “மாமா, எனக்குப் புத்துநோய். பந்தல், சமையல் எல்லாம் அப்படியே இருக்கட்டும். மாப்பிள்ளைய மட்டும் மாத்திருவோம். இந்தா, கையோட கூட்டியாந்திருக்கேன்.”

சண்முகத்துக்கு முறுக்கு தொண்டையில் சிக்கியது. “ஏலே, ஒனக்கென்ன கோட்டி பிடிச்சிருக்கா?” என்று இருமினான். அவன் முதுகில் தட்டுவதா, என் முதுகில் போடுவதா என்று மாமா திகைத்து நின்றார்.

உள்ளேயிருந்து செல்வி வந்தாள். “டாக்டர் முடிவு சொல்லிட்டாரா அத்தான்?”

“இன்னும் இல்ல…”

“பெறகு? என்னையக் கேக்காம யாருக்கோ தூக்கிக் குடுக்க வந்துட்டீங்களாக்கும்! நான் என்ன தறியா, ஆள் மாத்தி விட? மொதல்ல போய் அறுத்து எடுங்க. முடிவு என்னவானாலும் தாலி கட்டுறது நீங்கதான்.”

எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். அவ்வளவு சந்தோஷம், அவ்வளவு பயம்.

கட்டியை எடுத்தார்கள். முடிவு வந்த அன்று செல்வியும் மாமாவோடு திருநெல்வேலிக்கு வந்திருந்தாள். பெரிய டாக்டர் சிரித்தார். “புற்றுநோய் மாதிரியே வேஷம் போடுற கட்டி இது. மைக்ராஸ்கோப்புல பாத்தாக்கூட ஏமாத்தும். ஆனா ஒண்ணும் செய்யாது. போய்க் கல்யாணத்தப் பாருங்க.”

நான் போட்ட கூச்சலில் நர்ஸ் வெளியே விரட்டிவிட்டார். குறித்த நாளில், கையில் கட்டோடு நானேதான் தாலி கட்டினேன். சண்முகம் மட்டும் மணவறைப் பக்கமே வரவில்லை, பந்தியிலேயே இருந்துகொண்டான்.

பேரன் பேத்தி எடுத்தாயிற்று. இன்றைக்கும் நான் லேசாகத் தும்மினால் போதும், அடுப்படியிலிருந்து செல்வி குரல் கொடுப்பாள்:

“என்ன, சண்முகத்துக்குச் சொல்லி அனுப்பட்டுமா?”