ஏறின கியரில் இறக்கம்

கரியாஹாட் மேம்பாலத்தின் இறக்கம் ஆரம்பித்ததும் வீரராகவன் கியர் லீவரை டி-யிலிருந்து இரண்டுக்கு இழுத்தார். எஞ்சின் உறுமியது. பக்கத்தில் அவர் மனைவி தமயந்தி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஏன்னா, பிரேக்குன்னு ஒண்ணு வச்சிருக்கானே, அதைத் தொட்டா தீட்டா?"

"ஏறின கியர்லதான் இறங்கணும். எஞ்சினே வண்டியைப் பிடிச்சுக்கும். பிரேக் சூடாகாது."

"அது குன்னூர்ல. இங்க ஏது மலை?"

நியாயமான கேள்விதான். குன்னூர் மலைப்பாதையில் வண்டி ஓட்டப் பழகிய மனிதரைத் துறைமுக ஆபீஸ், தோசைக்கல் மாதிரி தட்டையான கல்கத்தாவுக்கு மாற்றியிருந்தது. லேக் மார்க்கெட் வீட்டிலிருந்து ஜாதவ்பூரில் இருக்கும் சிநேகிதர் வீட்டுக்குப் போக இந்த மேம்பாலம் வழியே இல்லை. இறக்கம் கிடைக்கிறதே என்று சுற்றிக்கொண்டு வந்திருந்தார்.

ஆட்டோமேட்டிக் கார் வாங்கியதே தமயந்திக்காகத்தான். பழைய காரில் அவர் கிளட்சை விடும்போதெல்லாம் வண்டி உதறும், அவளுக்குத் தலை சுற்றும். இதில் கிளட்சே கிடையாது. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து டைமண்ட் ஹார்பர், சாந்திநிகேதன் என்று ஊர் சுற்ற வேண்டும், அவள் சிரித்த முகமாக வர வேண்டும். ரிடயராகப் போகிற மனிதருக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இல்லை. தினமும் ஆபீஸ் பஸ்ஸில் போகிறவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் காரை எடுப்பார். எடுக்கும்போதெல்லாம் சீட் முன்னால் நகர்ந்திருக்கும். வண்டி கழுவுகிறவனைத் திட்டிக்கொண்டே பின்னுக்குத் தள்ளிக்கொள்வார்.

டமால்!

பின்னால் வந்த டாக்ஸி இடித்துவிட்டது. டிரைவர் இறங்கி வந்து வங்காள மொழியில் கத்தினார். "தாதா, இப்படியா திடீர்னு வேகத்தைக் குறைப்பீங்க? பின்னாடி லைட்டே எரியலையே! நான் என்ன சொப்பனமா கண்டேன்?"

வீரராகவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பிரேக்கை மிதித்தால்தான் சிவப்பு விளக்கு எரியும். கியரால் வேகத்தைக் குறைத்தால் பின்னால் வருகிறவனுக்கு ஜோசியம் தெரிந்திருக்க வேண்டும். பம்பர் நெளிந்திருந்தது.

"இனிமேலாவது பிரேக்கை மிதியுங்கோ" என்றாள் தமயந்தி.

"எதுக்கு? கை காட்டினாப் போச்சு."

அடுத்தது டாக்குரியா பாலம். இறக்கத்தில் லீவரை இழுத்துவிட்டு, வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி மேலும் கீழும் ஆட்டினார். 'மெதுவாக வா' என்று அதற்கு அர்த்தம். பின்னால் வந்த மினி பஸ்காரர் 'தாராளமாகப் போ' என்று எடுத்துக்கொண்டார். வீரராகவன் கையை உள்ளே இழுத்துவிட்டார். பக்கவாட்டுக் கண்ணாடிக்கு அந்த வசதி இல்லாததால் அது பஸ்ஸோடு போயிற்று.

"ஆத்துக்குப் போயிடலாம்னா" என்றாள் தமயந்தி, இன்னும் கண்ணைத் திறக்காமலே. "இந்தத் திருப்பத்துல விடமாட்டான். பெட்ரோல் பங்க்கைத் தாண்டித் திருப்புங்கோ."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பஸ்ல போறவாளுக்குக் கண் கிடையாதா?"

திரும்பி வந்தால் மறுபடியும் அதே பாலம். வீரராகவன் இதற்கும் ஒரு யோசனை வைத்திருந்தார். வண்டி துடைக்கிற சிவப்பு கம்சாத் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இறக்கத்துல இதை வெளியே பிடிச்சு ஆட்டு. பின்னால வர்றவனுக்குச் சிவப்பு தெரியணும், அவ்வளவுதான்."

"என் தலையெழுத்து" என்று வாங்கிக்கொண்டாள்.

இந்த ஊரில் சிவப்புத் துணிக்கு வேறு மரியாதை உண்டு என்பதை அவர் யோசிக்கவில்லை. பின்னால் லாரி லாரியாகக் கட்சிக் கொடியோடு ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. துண்டைப் பார்த்ததும் முதல் லாரியில் "ஜிந்தாபாத்!" என்று ஆரவாரம் கிளம்பியது. லாரிகள் எல்லாம் பவ்யமாக இடைவெளி விட்டுக் காருக்குப் பின்னால் வரிசை கட்டின.

"பாத்தியா? ஒருத்தனும் இடிக்கலை" என்றார் வீரராகவன் பெருமையாக.

கோல்பார்க்கில் இடது பக்கம் திரும்பப் போனவரை டிராபிக் சார்ஜண்ட் மறித்தார். "நேராப் போங்க! முதல் வண்டி திரும்பினா மொத்த ஊர்வலமும் திரும்பிடும்."

"என் வீடு இந்தப் பக்கம் சார்..."

"மீட்டிங் முடிச்சிட்டு வீட்டுக்குப் போகலாம்!"

யாரோ ஓடி வந்து பானெட்டில் ஒரு கொடியைச் செருகினார்கள். இன்னொருவர் ஜன்னலில் தலையை விட்டுத் தமயந்தியை அண்ணி முறை வைத்து, "பௌதி, நீங்க கோஷம் போடுங்க, நாங்க பின்னாடி சொல்றோம்" என்றார்.

கரியாஹாட் சந்திப்பில் ஊர்வலம் நின்றது. தமயந்தி துண்டை நிதானமாக மடித்து அவர் மடியில் வைத்தாள்.

"நான் டிராம்ல போறேன். நீங்க பேசி முடிச்சிட்டு வாங்கோ."

திரும்பிப் பார்க்காமல் போனாள். வீரராகவன் துண்டை எடுத்துப் பின் சீட்டில் போட்டார். கல்யாணமான புதிதில் குன்னூர்ப் பாதையில் அவர் ஓட்ட, அத்தனை வளைவுகளிலும் அவர் தோளில் சாய்ந்து தூங்கியவள் அவள். அன்றைக்கு நிம்மதியில் மூடிய கண். இன்றைக்குப் பயத்தில் மூடுகிறாள். வயதானால் சிலருக்கு உயரம் பயம், சிலருக்குத் தண்ணீர் பயம். இவளுக்குக் கார் பயம் வந்துவிட்டது போலிருக்கிறது. அது தெரியாமல் ஞாயிறு தவறாமல் இழுத்துக்கொண்டு அலைந்தோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது. அவளுக்கு வேண்டாத வண்டி தனக்கு மட்டும் எதற்கு?

ஊர்வலத்திலிருந்து நழுவி வீடு வந்து சேர்ந்ததும், கேட்டைத் திறந்த தர்வான் ஷிவ்பூஜனிடம் சாவியை நீட்டினார். ஷிவ்பூஜன் அந்தக் கட்டடத்தில் பல வருஷமாகக் காவல் இருப்பவர்.

"யாராவது வாங்கற ஆள் இருந்தா சொல்லுங்க. வண்டியை வித்துடறேன்" என்றார் தனக்குத் தெரிந்த இந்தியில்.

"ஏன் சாப்? நல்ல வண்டியாச்சே!"

"மேம்சாபுக்குக் கார்னாலே பயம். அவங்களுக்காகத்தான் வாங்கினேன். அவங்களே வரலைன்னா எதுக்கு?"

ஷிவ்பூஜன் நெளிந்த பம்பரைப் பார்த்தார், பானெட்டில் இருந்த கொடியைப் பார்த்தார், கடைசியில் வீரராகவனைப் பார்த்தார்.

"மேம்சாபுக்கா பயம்? தினமும் நீங்க ஆபீஸ் பஸ் ஏறினதும் அவங்கதானே சாப் இதை ஓட்டிக்கிட்டுப் போறாங்க! ஞாயித்துக்கிழமை மட்டும்தான் பயப்படறாங்க."