நடிகைக்காக நான் கேட்க வேண்டிய மன்னிப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. அங்கே எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். இங்கேயும் சுகம் என்று எழுதினால் பேனாவே சிரிக்கும்.

பதினொரு படமாக நான் டப்பிங் பேசிக்கொடுக்கும் அந்த நடிகை மகராசி, போன வாரம் டிவி பேட்டியில், "வேற வீடு கொடுக்காம நூறு குடும்பத்து வீட்ட அரசாங்கம் இடிச்சது தப்பு" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், ஊரே கொதிக்கிறது. சொன்னது அவள், அவளுடைய சொந்தத் தொண்டையில். ஆனால் ஊருக்கு அவள் என்றால் என் குரல்தானே. தக்காளி அரைக் கிலோ என்று வாயைத் திறந்தேன், காய்கறிக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு, "நாட்டத் திருத்துற ஆளுக்கு இங்க தக்காளி இல்ல" என்றார். "அண்ணே, நான் அவ இல்ல" என்றேன். அதையும் அவள் குரலில்தானே சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரம்மா மாடிப்படியில் நிறுத்தி, "நாலு குடித்தனம் இருக்கிற இடம், கொஞ்ச நாளைக்கு ஜன்னல மூடிட்டுப் பேசும்மா" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது அக்கா. போன படத்தில் மந்திரி சட்டையைப் பிடித்துக்கொண்டு இதையேதான் நாலு நிமிஷம் கத்தினாள், கத்தினது நான், இதே ஜனங்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வரி சொன்னால் மட்டும் திமிராம், கூத்தாடிக்கு என்ன தெரியுமாம்.

இன்னும் கேள். வெள்ளிக்கிழமை படம் வெளியாகிறது. அவள் மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்கிறாள். தயாரிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, "மன்னிப்ப நீங்க பேசிக் கொடுத்துடுங்கம்மா, ஜனங்களுக்கு உங்க குரல்தான் பழக்கம், அவங்க போட்டோவ மேல போட்டுக்கறோம்" என்கிறார். இல்லையென்றால் அடுத்த படத்துக்கு வேறு ஆளாம். இதை விட்டால் எனக்கு என்ன தொழில் தெரியும்? நாளைக் காலையில் போய்ப் படித்துவிடப் போகிறேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காதவளுக்காக நான் ஏன் தெருவில் நிற்க வேண்டும்? நீயும் அதைத்தான் சொல்லுவாய்.

மாமாவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். நீயாவது நிம்மதியாக இரு.

உன் தங்கை

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. இன்று காலை மைக் முன்னால் நின்று, "நான் அறியாமல் பேசிவிட்டேன்" என்று படித்தேன். ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னும் கொஞ்சம் அழுதுகிட்டே சொல்லுங்க" என்றார். நூறு குடும்பம் நடுத்தெருவில் நிற்கிறது, இடித்தவர்களிடம் நான் அழ வேண்டுமாம். காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, என் போனில், என் முகத்தைக் காட்டி, அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்லி வீடியோ போட்டுவிட்டேன். வேலை போயிற்று. வீட்டுக்காரம்மாவும் காலி செய்யச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை பெட்டியோடு அங்கே வருகிறேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா அவளைத் திட்டிப் போட்ட மூன்று பதிவையும் பார்த்தேன். இனிமேல் திட்டுவதென்றால் என் முகத்தைப் பார்த்துத் திட்டச் சொல்.