நாற்பதாம் பலகைப் பெரும்போர்

வாழ்க பெர்மெத்! நான்கு கோடைகள் குதிரை முதுகில் குலுங்கி, முந்நூற்றுப் பன்னிரண்டு மேய்ப்பர்களின் புயங்களில் இரத்த அழுத்தப் பட்டை கட்டி, நாய்க்கடி இரண்டும் கழுதை உதை ஒன்றும் விழுப்புண்ணாய்ப் பெற்று, பனிமலைத் தொடரின் மேய்ச்சல் வெளிகளிலிருந்து உயிரோடு இறங்கி வந்த வீராங்கனையே, வாழ்க! உப்புப் போட்ட பால் தேநீரின் உள்வஞ்சம் அறிந்தவளே, குடித்த கிண்ணங்களை எண்ணிக் கொண்ட கண்ணுடையாளே, சுருட்டிய சுவரொட்டியைச் சூலம்போல் தோளில் சாய்த்து, மே மாதத்துப் பாப்லார் மரப் பஞ்சு கூந்தலெங்கும் ஒட்டியிருக்க, பிஷ்கெக் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் மூன்றாம் மாடிக்கு மூச்சிரைக்க ஏறி வந்தவளே, உன் புகழைப் பாடுவோம்!

பாடுமுன் முத்திரையை வணங்குவோம். ஊதா மை உண்டு வாழும் வட்டத் தெய்வமே! ஆய்வு மதிப்பீட்டுக் குழுத் தலைவரின் தோல்பையில் பள்ளிகொண்டு, ஆண்டுக்கு ஒரே ஒரு பிற்பகல் கண்விழிப்பவளே! உன் முத்தம் பட்ட தாள் ஆராய்ச்சி. படாத தாள் பொட்டலம் மடிக்க ஆகும். ஆய்வுத் திருநாளில் எவருடைய சுவரொட்டி பலகையில் இருக்கிறதோ, எவர் அதன் அருகே நிற்கிறாரோ, அவருக்கே நீ அருள்வாய் என்பது விதி. பலகை கிடைக்காதவருக்கு அடுத்த மே மாதம் உண்டு. பெர்மெத்துக்கு அதுவும் இல்லை. அவளுக்குக் கொடுத்த ஐந்தாண்டுக் கெடு இந்த இலையுதிர்காலத்தோடு முடிகிறது. இன்று முத்திரை விழாவிட்டால் நான்கு கோடைகளும் முந்நூற்றுப் பன்னிரண்டு புயங்களும் சுருண்ட சுருளாகவே கட்டிலுக்கு அடியில் போய்ச் சேரும். அவள் மாவட்ட மருத்துவமனைக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து ஊசி போடத் தொடங்குவாள்.

அன்று அந்த மண்டபத்தில் அணிவகுத்த சேனைகளின் பெருமையை என்னென்பது! வலப்புறம் விஞ்ஞானச் சேனை. பனியாறு உருகுவதை உலகுக்கு உணர்த்த ஒரு பெரிய மேசைமேல் ஐஸ்கட்டியாலேயே மாதிரி செய்து வைத்து, தலைவர் வருமுன் அது உருகிவிடுமோ என்று வேர்த்து நின்ற மாவீரர் அங்கே இருந்தார். ஒரு தேனீயின் பின்னாலேயே மூன்றாண்டு ஓடி, கடைசி நாளில் மூக்கில் கொட்டு வாங்கி அதையே முடிவுரையாக்கியவர் இருந்தார். இடப்புறம் மருத்துவச் சேனை. மாமியார் வீட்டில் மருமகளுக்கு வரும் தலைவலி, தாய்வீட்டு வாசலில் எத்தனை நிமிடத்தில் தீர்கிறது என்று கடிகாரத்தோடு நின்று கண்ட காரிகை அங்கே இருந்தாள். நடுவே வணிகச் சேனை. கல்யாணத்தில் பரிசாகக் கொடுத்த ஒரு சால்வை, பிரிக்கப்படாமலே பதினோரு கல்யாணம் சுற்றி, முதலில் கொடுத்தவரிடமே திரும்பிவந்த வரலாற்றை வரைபடமாக்கிய வல்லவன் இருந்தான். அந்தச் சால்வையும் மாட்டப்பட்டிருந்தது, இன்னும் பிரிக்கப்படாமல்.

பலகைகள் நாற்பது. சுவரொட்டிகள் நாற்பத்திரண்டு. முப்பத்தொன்பது பலகைகள் நிறைந்துவிட்டன. மிச்சமிருந்த ஒன்று, சன்னலோரம், வெப்பக் குழாய்க்கு அருகே, மணமாலைக்குக் காத்திருக்கும் இளவரசிபோல் ஒற்றையாய் நின்றது. அதை நோக்கி ஒரே சமயத்தில் மூவர் பாய்ந்தனர்.

பெர்மெத் தாமதமானது அச்சுக்கடையால். கடையில் பெரிய தாள் தீர்ந்துபோய், கல்யாண மண்டப விளம்பரம் அடிக்கும் பிளக்ஸ் துணியில் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். "தாளவிட இது கெட்டி. மழை பெஞ்சாலும் ஒண்ணும் ஆகாது" என்றாள் கடைக்காரி. "என் ஆராய்ச்சி மேல எதுக்கு மழை பெய்யணும்?" என்று காலையிலேயே அழுதுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

இரண்டாமவர் ஷர்ஷென்பெக். அறுபத்தொரு வயது வேங்கை. மர்மட் எனப்படும் கொழுத்த மலை அணில் மனிதனைக் கண்டால் ஒருவிதமாகவும், நாயைக் கண்டால் வேறுவிதமாகவும், கழுகைக் கண்டால் மூன்றாம் விதமாகவும் சீழ்க்கை அடிக்கிறது என்று முப்பதாண்டுகளாக நிறுவிவரும் சீழ்க்கைச் சிங்கம். பூங்காவில் ஏதோ ஒன்று சீழ்க்கை அடிக்க, அதற்குப் பதில் சொல்ல நின்றதில் அவருக்கு அரைமணி போயிற்று.

மூன்றாமவன் எல்தியார். கூர்மூக்குச் சப்பாத்து அணிந்த வணிகத்துறை இளஞ்சிறுத்தை. பஜாரில் விலை படியவில்லை என்று விலகி நடக்கும் வாடிக்கையாளரைக் கடைக்காரர் எத்தனையாவது அடியில் திரும்பக் கூப்பிடுகிறார் என்று நானூறு கடைகளில் நடந்து பார்த்து, ஏழாவது அடி என்று உலகுக்கு அறிவித்தவன். அன்று காலை டாக்சிக்காரரிடமும் அப்படியே ஏழடி நடந்தான். டாக்சி போய்விட்டது.

மூன்று கைகள் பலகையின் மூன்று மூலைகளைப் பற்றின. தாங்கியிலிருந்து பலகை பெயர்ந்து, மந்தரமலைபோல் இப்படியும் அப்படியும் சுழன்றது. பாப்லார் பஞ்சு புழுதிப்படலமாய் எழுந்தது.

"மகளே, நான் இந்தக் கட்டடத்துல கால் வெச்சப்ப உன் அப்பனுக்கு மீசை மொளைக்கல. கைய எடு" என்று முழங்கினார் ஷர்ஷென்பெக்.

"பைக்கே, உங்க மர்மட்டு அடுத்த வருஷமும் விசில் அடிக்கும். எனக்கு இந்த வருஷம் விட்டா கெடையாது" என்றாள் பெர்மெத், மூத்த ஆணை அழைக்கும் அந்நாட்டு முறையில்.

"அடுத்த வருஷம் நான் இருப்பேனோ மாட்டேனோ!"

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க பைக்கே" என்றான் எல்தியார்.

ஆயினும் அந்த அம்பு தைக்கவே செய்தது. வெண்தாடி வந்தால் எழுந்து இடம்விடும் குலத்தில் பிறந்தவளல்லவா பெர்மெத்! மனம் மறுக்க, விரல்கள் தாமாகவே ஒவ்வொன்றாய்த் தளர்ந்தன. சுண்டுவிரல் போயிற்று. மோதிரவிரல் போயிற்று. இன்னும் மூன்று விரல்களில் நான்கு கோடைகள் தொங்கின. அக்கணம், மலைமலையாய் ஏறி இறங்கியதில் பெற்ற ஞானம் மின்னலாய் அவளுக்குள் வெட்டியது: அறுபதைத் தாண்டிய எந்த ஆண்மகனும், இலவசமாய் அழுத்தம் பார்க்கிறேன் என்றால் மறுத்ததே இல்லை.

"ஐயோ பைக்கே, முகமெல்லாம் செவந்து கெடக்கே! தலை சுத்துதா?"

"இல்லியே..." என்றார் அவர். பிறகு கொஞ்சம் யோசித்து, "லேசா" என்றார்.

"உக்காருங்க. கைய நீட்டுங்க. பேசக் கூடாது."

வீழ்ந்தது வேங்கை! அருகிலிருந்த நாற்காலியில் அமர்ந்து, சட்டைக் கையைத் தாமே சுருட்டி, பலகைப் பகைமை மறந்து புயத்தை நீட்டினார். பெர்மெத் தோள்பையிலிருந்து தன் பிரம்மாஸ்திரமாகிய பட்டையை எடுத்து, பலகையை இடுப்பால் அணைத்தபடியே சுற்றிக் கட்டினாள்.

எஞ்சியவன் எல்தியார். அவன் வாளால் பொருபவன் அல்லன், வாயால் பொருபவன். அக்காள் முறை வைத்து 'எஜே' என்றே தொடங்கினான்.

"எஜே, பேசித் தீத்துக்கலாம். தலைவர் வர்றதுக்கு முன்னாடி வரைக்கும் நீ வெச்சுக்க. அவர் வந்ததும் நான் வெச்சுக்கறேன்."

"நல்லா இருக்குடா நியாயம்."

"சரி, மேல் பாதி எனக்கு, கீழ் பாதி உனக்கு."

"கீழ்பாதிய யாரு படிப்பா, பைக்கேவோட மர்மட்டா?"

"அப்ப எனக்குப் பலகையே வேணாம்!" என்று கையை உதறி, மார்பை நிமிர்த்தி, எல்தியார் திரும்பி நடந்தான். அந்தோ, அவன் வகுத்த வியூகத்தின் அழகு! ஏழாவது அடியில் அவள் கூப்பிடுவாள். நானூறு கடைகள் அதற்குச் சாட்சி. ஓரடி வைத்தான், ஈரடி வைத்தான். ஆனால் பெர்மெத்தின் செவிகளில் அப்போது நாடி கேட்கும் குழல் ஏறியிருந்தது. ரப்பர் குமிழை அமுக்கியவண்ணம் அவள் பாதரசத்தில் கண்ணாயிருந்தாள். ஐந்தடி, ஆறடி. ஏழாவது அடியைச் சற்றே நீட்டி வைத்தான். எட்டு. ஒன்பது. திரும்பிப் பார்த்தால் கோட்பாடு பொய்யாகும் என்பதால் திரும்பாமலே நடந்து, பதினான்காவது அடியில் ஐஸ்கட்டி மேசையில் இடித்துக்கொண்டு நின்றான்.

வென்றாள் பெர்மெத்! மண்டபம் சாட்சி, பஞ்சு சாட்சி! ஆனால் வெற்றியின் உச்சியிலன்றோ விதி கண்ணி வைக்கிறது? குமிழின் திருகைத் தளர்த்த இன்னொரு கை தேவைப்பட்டது. ஒரு நொடிதான், பலகையைச் சுவரில் சாய்த்தாள்.

அவ்வேளை சமையற்கட்டிலிருந்து புறப்பட்டாள் பாக்திகுல். தேநீருக்கு அதிபதி, முந்நூறு கிண்ணங்களின் நாயகி, துணைவேந்தருக்கும் சர்க்கரையை எண்ணிப் போடுபவள். அவள் சினம் ஊழித்தீயை ஒத்திருந்தது.

"என் மேசையத் தூக்கிட்டுப் போயி அதுமேல ஐஸ வெச்சிருக்கான் ஒருத்தன்! வர்ற பெரியவங்களுக்கு ரொட்டிய என் தலையிலயா வெப்பேன்?"

அவள் கண் பலகைமேல் விழுந்தது. அதைக் கண்டார் ஷர்ஷென்பெக். பேசாமலிருக்கும்படி மருத்துவ ஆணை இருந்ததால், ஆபத்து நேரத்தில் தமக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தார். உதட்டைக் குவித்து நீளமாய் ஒன்று, குட்டையாய் இரண்டு சீழ்க்கை அடித்தார். 'தரை வழியாக மனிதன் வருகிறான்' என்பது அதன் பொருள், முப்பதாண்டுகளாய் நிறுவப்பட்டது. அந்த மண்டபத்தில் ஒரே ஒரு மர்மட் இருந்திருந்தாலும் போதும், எல்லோரும் தப்பியிருப்பார்கள்.

"விசிலடிக்காதீங்க பைக்கே, அழுத்தம் ஏறுது" என்றாள் பெர்மெத்.

அவள் குழலைக் கழற்றி, "நூத்தி நாப்பத்தி ரெண்டு, உப்ப நிறுத்துங்க" என்று சொல்லித் திரும்பியபோது, நாற்பதாம் பலகை இரண்டு முக்காலிகளின்மேல் மல்லாந்து கிடந்தது. அதன்மேல் அடுக்கடுக்காய் வட்ட ரொட்டி. குன்றுபோல் பொரித்த மாவுத் துண்டுகள். ஆப்ரிகாட் ஜாம் மூன்று கிண்ணம்.

"பாக்திகுல்! அது பலகை!" என்று அலறினார் ஷர்ஷென்பெக்.

"இப்ப மேசை" என்றாள் பாக்திகுல்.

எல்தியார் ஓடிவந்தான். "ரொட்டிய எடுத்துத் தரையில... இல்ல, அந்தப் பக்கமா வெச்சிடலாமே?"

பெர்மெத்தும் ஷர்ஷென்பெக்கும் ஒரே முகமாய் அவனைப் பார்த்தனர்.

"விருந்தாளிக்குன்னு வெச்ச ரொட்டிய, அவங்க வாயில படறதுக்கு முன்னால எடுப்பியா?" என்றாள் பாக்திகுல். "எந்த ஊர்ல பொறந்தவன்டா நீ?"

அவன் தலைகுனிந்தான். எந்தப் படை வந்தால் என்ன, வைத்த ரொட்டிக்குமுன் வாள் உறைக்குள் போகும். மாடிப்படியில் காலடிகள் கேட்டன. குழுத் தலைவர் தொக்தோசுன், வெள்ளைக் கம்பளித் தொப்பியோடும் தோல்பையோடும், ஐவர் பின்தொடர வந்துவிட்டார். முதல் பலகை. இரண்டாம் பலகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம், ஒரு தலையாட்டல், ஒரு முத்திரை. டப். டப். சால்வையை மட்டும் நின்று தொட்டுப் பார்த்தார். அது தம் வீட்டிலிருந்து போனதோ என்று சந்தேகம்போலும்.

பெர்மெத் கையிலிருந்த பிளக்ஸ் சுருளைப் பார்த்தாள். ரொட்டியைப் பார்த்தாள். பிறகு, கடலைக் கடக்க எண்ணியவள்போல் நெடுமூச்சு வாங்கி, இவ்வாறு பிரகடனம் செய்தாள்:

"எஜே, வெறும் பலகையிலயா ரொட்டி வெப்பாங்க? விரிப்பு எங்க?"

ஊழித்தீ முதன்முறையாகத் தடுமாறியது. "விரிப்பும் அந்த ஐஸ்காரன் கிட்டதான் போச்சு. நனைஞ்சு கெடக்கு."

"எங்கிட்ட இருக்கு."

ரொட்டியை எடுக்கலாகாதே என்ற கேள்விக்கு, இருந்தவர்களில் மூத்தவர் என்ற முறையில் ஷர்ஷென்பெக் தீர்ப்பு வழங்கினார்: விரிப்பு போட ரொட்டியை இரு கையால் ஏந்தி நெற்றிக்கு உயர்த்தினால் அது எடுத்ததாகாது, மரியாதை செய்ததாகும். தீர்ப்பில் சுயநலம் இல்லாமலில்லை. அவர் தம் தாள் சுவரொட்டியைப் பலகையின் ஒரு விளிம்பில் குண்டூசியால் குத்தித் தொங்கவிட்டுக்கொண்டேதான் அதை வழங்கினார். எதிர் விளிம்பில் எல்தியார் ஏழடியைத் தொங்கவிட்டான். பாக்திகுல் ரொட்டிகளை ஏந்தி நின்றாள். பெர்மெத் தன் நான்கு கோடைகளை ஒரே வீச்சில் பலகைமேல் விரித்தாள். துணி பளபளவென்று கிடந்தது. ஜாம் சிந்தினாலும் துடைத்துவிடலாம்.

முப்பத்தொன்பது பலகைகளிலும் நின்று கடுத்த கால்களோடு குழு நாற்பதாவதுக்கு வந்து சேர்ந்தது, ரொட்டியைக் கண்டது, அமர்ந்தது. முழங்கால்மேல் ஒருபுறம் மர்மட்டுகள், மறுபுறம் பஜார். மூவரும் தத்தம் படைப்பருகே தூண்களாய் நின்றனர். முப்பத்தொன்பது மாவீரர்களுக்கு ஒரு நிமிடமே தந்த தொக்தோசுன், இங்கே முக்கால்மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் இருந்தார்; ரொட்டி பிய்க்கும்போதெல்லாம் அடியில் எழுத்து தென்பட்டதே காரணம். ஜாம் கிண்ணத்தை நகர்த்தினார்: 'அறுபதுக்கு மேற்பட்டோர்.' பொரித்த மாவை ஒதுக்கினார்: 'உப்புத் தேநீர், நாளொன்றுக்கு ஆறு கிண்ணம்.' விரல்விட்டு எதையோ எண்ணினார். ஒரு கை போதவில்லை. தோல்பை திறந்தது. ஊதாத் தெய்வம் எழுந்தருளியது. விரிப்பின் மூலையில் ஒன்று, மர்மட்டின் வயிற்றில் ஒன்று, ஏழாவது அடியில் ஒன்று. டப், டப், டப்! வானம் பூமாரி பொழிய, அதாவது சன்னல் வழியே பஞ்சு வர, பனிச்சிகரங்கள் அதிர, கழுதையின் உதையும் நாயின் கடியும் அக்கணமே ஆறிப்போக, பெர்மெத் என்னும் பெருந்திருவின் கண்களில் நீர் ஊற்றெடுத்தது. அவ்வமயம் ஆவி பறக்கும் பால் தேநீரோடு பாக்திகுல் வந்து, தலைவர்முன் கிண்ணத்தை வைத்து, வழக்கம்போல் உப்பு டப்பாவைத் திறந்தாள்.

தொக்தோசுன் கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டு, "எனக்கு வேண்டாம்மா" என்றார்.